ஒரே ஆல்பம், வேறு வேறு சத்தம்: பழைய ராக் தட்டுகளை ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை இலங்கை மலையகத்தில் பழைய ராக் தட்டு சேர்க்கிறவர்கள் நிறையப் பேர் இல்லை. ஆனால் இருக்கிறவர்கள் சந்தித்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "உங்களிடம் இருப்பது எந்தப் பிரஸ்ஸிங்?" என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

மிக்ஸ், மாஸ்டரிங், பிரஸ்ஸிங் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிட ஆரம்பித்தால் கடைசிவரை குழப்பம்தான். ஸ்டூடியோவில் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனி ட்ராக்கில் பதிவாகும். எது முன்னால் நிற்க வேண்டும், எது இடப்பக்கம், எதற்கு எவ்வளவு எதிரொலி என்று முடிவுசெய்து ஒரே டேப்பில் இறக்குவது மிக்ஸ். அந்த டேப்பை எடுத்து, தட்டுக்கோ சீடிக்கோ ஏற்றபடி சத்தத்தின் அளவையும் பேஸ், ட்ரெபிளையும் சீர்செய்வது மாஸ்டரிங். தட்டாக இருந்தால் அந்தக் கட்டத்திலேயே லேக்கர் தகட்டில் பள்ளம் வெட்டிவிடுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான வினைலை அதற்குள் வைத்து அழுத்துவதுதான் பிரஸ்ஸிங்.

காதுக்குக் கேட்பதை வைத்தே பிரிக்கலாம். ஒரு கிட்டார் இடம் மாறியிருந்தால், ஒரு குரல் காணாமல் போயிருந்தால், பாட்டு வேறு இடத்தில் முடிந்தால், அது வேறு மிக்ஸ். எல்லாம் அதே இடத்தில் இருந்து, மொத்தச் சத்தமும் கூர்மையாகவோ மந்தமாகவோ தெரிந்தால் மாஸ்டரிங். படபடவென்று பொரிகிறது, சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஆடுகிறது என்றால் அது பிரஸ்ஸிங்கின் குறை, அல்லது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு தட்டின் குறை. என் கணக்கில் முக்கியத்துவமும் இதே வரிசைதான். ஆட்கள் தலைகீழாக, "எந்த நாட்டுத் தட்டு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஃபோனில் கேட்கும்போது 'ரீமாஸ்டர்' என்று போட்டிருக்கிறது. அது ரீமிக்ஸா?

இல்லை. ரீமாஸ்டர் என்றால் பழைய மிக்ஸ் அப்படியே இருக்கும், மாஸ்டரிங் மட்டும் புதிது. ரீமிக்ஸ் என்றால் பல ட்ராக் டேப்புக்கே திரும்பிப்போய் மறுபடி கலந்தது. பீட்டில்ஸின் 2009 வெளியீடுகள் ரீமாஸ்டர். அவர்களுடைய 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்தது ரீமிக்ஸ். பெயரில் இருக்கும் ஆண்டைக் கவனியுங்கள், பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

பீட்டில்ஸ் மோனோவில் கேட்க வேண்டுமா, ஸ்டீரியோவிலா? மோனோ என்றால் குறைந்த தரம் இல்லையா?

மோனோ என்றால் எல்லாச் சத்தமும் ஒரே சேனலில், ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று இரண்டு சேனலில். தரம் குறைவு என்ற எண்ணம் நாம் ஸ்டீரியோ செட் வாங்கிய காலத்தில் வந்தது. 1967இல் பிரித்தானிய வீடுகளில் பெரும்பாலும் மோனோ பிளேயர்தான். அதனால் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' மோனோ மிக்ஸுக்குத்தான் குழுவினர் கூட இருந்து நேரம் செலவழித்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் கொஞ்சம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் மேலே. ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். பல பத்தாண்டுகளாக உலகம் கேட்டுப் பழகியது அந்த இழுவையைத்தான்!

அடுத்த ஆண்டு வந்த வெள்ளை ஆல்பத்தில் வித்தியாசம் இன்னும் வெளிப்படையாக இருக்கும். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் மங்கி, திரும்பி எழுந்து, கடைசியில் ட்ரம்ஸ்காரர் ரிங்கோ விரலில் கொப்புளம் என்று கத்துவார். மோனோவில் மங்கிப் போன பாட்டு திரும்பி வருவதே இல்லை, கத்தலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசம். இதில் எது 'சரியானது' என்று சண்டை பிடிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. 'பெப்பர்ஸ்' வரை மோனோ, வெள்ளை ஆல்பத்துக்கு ஸ்டீரியோ என்பது என் தெரிவு. 'அபே ரோட்' வந்த 1969இல் அவர்கள் மோனோவுக்கென்று தனி மிக்ஸ் செய்வதையே விட்டுவிட்டார்கள், ஆகவே அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

தோட்டத்துப் பழைய பங்களாவிலிருந்து ஒரு பெட்டி நிறைய தட்டு கிடைத்தது. ஏதாவது தேறுமா?

தேறும். 1972இல் காணிச் சீர்திருத்தம், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. அந்த ஆண்டுகளில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரைமார் எல்லாவற்றையும் கப்பலேற்றவில்லை. அப்படி விட்டுப்போன பெட்டிகளில் பெரும்பாலும் நாடக இசை, நடன இசை, கிறிஸ்மஸ் பாட்டு. ராக் இருந்தால் அது 60களின் தட்டாக இருக்கும், பிரித்தானிய முதல் காலத்து மோனோவாகவும் இருக்கலாம். மேலே சொன்ன காரணத்தால் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பெட்டியில் 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு) இருந்தால் எல்பி (33⅓ சுற்று வினைல் தட்டு) ஊசியை அதில் வைக்காதீர்கள்; அதன் பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த ஊசி வேண்டும். அப்புறம், மோனோ எல்பியை ஸ்டீரியோ கார்ட்ரிஜில் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) போடுவதில் தவறில்லை, ஆனால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக ஊசி ஆடுவதில் கிடைப்பது தூசியும் தேய்மானமும்தான். பட்டனை அழுத்தியவுடன் அந்தச் சத்தம் பெருமளவு அடங்கிவிடும். தட்டு கழுவின மாதிரி இருக்கும்.

இந்தியத் தட்டு மட்டமானதுதானே? டம் டம் தட்டை யாரும் வாங்க மாட்டார்களாம்?

நான் வாங்குவேன். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் என்ற இடத்தில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது, இ.எம்.ஐ. என்ற பிரித்தானிய இசைக் கம்பனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே அழுத்திய தட்டுகளில் பிரித்தானிய மேட்ரிக்ஸ் எண்ணையே (லேபிளைச் சுற்றிக் கீறியிருக்கும் வெட்டின் அடையாள எண்) தாங்கியவை உண்டு. அதாவது வெட்டியது லண்டனில், அழுத்தியது வங்காளத்தில். அப்படிப்பட்ட தட்டில் மிக்ஸும் மாஸ்டரிங்கும் பிரித்தானியத் தட்டினுடையதுதான். குறை இருந்தால் அது வினைலிலும் உறையிலும் இருக்கும்: மேற்பரப்பில் லேசான இரைச்சல், மெல்லிய அட்டை. இரைச்சலுக்கு நடுவிலும் ட்ரம்ஸின் அடி சரியாக விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் விழும். வழவழப்பான மேற்பரப்போடு, எத்தனையாவது நகல் டேப்பிலிருந்து வெட்டினார்கள் என்றே தெரியாத பிற்காலத் தட்டைவிட எனக்கு அதுதான் மேல்.

பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 வேகத் தட்டாகவும் வந்தன. உலகம் முழுக்க அதற்குப் பைத்தியமாகத் தேடுகிறார்கள். பாட்டியின் அலமாரியில் இருந்தால் தொடாமல் எனக்குச் சொல்லுங்கள்.

தட்டின் நடுவில் கீறியிருக்கும் எழுத்துகளை எப்படி வாசிப்பது?

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையில் உள்ள வெற்றுப் பட்டையில்தான் தட்டின் ஜாதகம் இருக்கிறது. ஃபோன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். லேபிளும் உறையும் மாறலாம், இந்தக் கீறல் பொய் சொல்வது அரிது. அதை அப்படியே டிஸ்கொக்ஸ் தளத்தில் தேடினால் எந்த வெட்டு, எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

பேர்பெற்ற உதாரணம் 1969இன் 'லெட் செப்பெலின் 2'. அமெரிக்க முதல் அச்சுகளில் 'ஆர்.எல்.' என்ற எழுத்துகள் இருக்கும். வெட்டிய ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்து. அவர் பேஸையும் சத்தத்தையும் தாராளமாக விட்டு வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியதால் கம்பனி சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டச் சொன்னது. இன்று அந்தத் துள்ளும் தட்டுக்குத்தான் விலை. பிரித்தானியத் தட்டுகளில் 'போர்க்கி' என்ற பெயரைக் கண்டால் அது ஜார்ஜ் பெக்கம் வெட்டியது, நம்பி வாங்கலாம். சிலர் விளையாட்டாகவும் கீறி வைப்பார்கள். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இரண்டாம் பக்கத்தில், 'விக்டிம் ஒஃப் லவ்' ஐந்து பேரும் சேர்ந்து நேரடியாக வாசித்தது என்று சுருக்கெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்.

பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஒஃப் த மூன்' என்றால் எல்லாரும் லேபிளில் முழு நீல முக்கோணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1973இன் பிரித்தானிய முதல் அச்சின் அடையாளம் அது. உள்ளே போஸ்டர் இரண்டு, ஸ்டிக்கர் இரண்டு வந்திருக்க வேண்டும். சேகரிப்பவருக்கு அது பெரிய விஷயம். கேட்பவருக்கு அதே ஆண்டுகளின் அடுத்தடுத்த அச்சுகளே போதும் என்பது என் கருத்து.

வீட்டில் இரண்டு பதிப்பை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

முதல் எதிரி சத்தத்தின் அளவு. ஒரு தட்டு மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், காது அதைச் 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு கூட', 'உயிர் இருக்கிறது' என்றுதான் சொல்லும். நம் ஆட்கள் நடுராத்திரி வரை பிடிக்கும் சண்டைகளில் பாதி வொல்யூம் திருகியைப் பற்றியவைதான், அது அவர்களுக்கே தெரியாது.

நான் செய்வது இது. இரண்டு தட்டையும் கழுவிக் காயவைக்கிறேன். ஒரே ஊசி, ஒரே எடை, ஒரே நாள். ஃபோனோ பிரீஆம்பின் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வெளியீட்டை லெப்டொப்பில் செருகி, ஒடாசிட்டியில் இரண்டையும் பதிவுசெய்கிறேன். குரலும் ட்ரம்ஸும் சேர்ந்து வரும் அரை நிமிடத்தை மட்டும் இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்து, அதே மென்பொருளில் லவுட்னஸ் அளவை ஒன்றாக்குகிறேன். உச்சத்தை வைத்துச் சமப்படுத்தினால் சரிவராது. ஒரு சொடுக்குச் சத்தம் இருந்தாலே கணக்குக் கெட்டுவிடும். பிறகு வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறேன், எது எது என்று எனக்குச் சொல்லக்கூடாது. மகளுக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரே தட்டை இரண்டு தடவை போட்டுவிட்டு, நான் வித்தியாசம் விவரிப்பதைக் கேட்டுச் சிரிப்பாள்.

இன்னொன்று: ஒரே இடத்தில் உள்ள பாட்டை எடுங்கள். தட்டின் உள்வட்டத்தில் வரும் பாட்டு எப்போதும் கொஞ்சம் கரகரக்கும், ஒரு சுற்றில் ஊசி ஓடும் தூரம் அங்கே குறைவு. சில மறுவெளியீடுகள் ஒரு ஆல்பத்தை இரண்டு தட்டாகப் பிரித்திருக்கும். அங்கே உள்வட்டப் பாட்டு வெளிவட்டத்துக்கு வந்திருக்கலாம். அந்த முன்னேற்றத்துக்கு மாஸ்டரிங் செய்தவருக்கு மாலை போட வேண்டாம்.

நுவரெலியாவில் இருக்கிறேன். காலையில் போட்டால் அதே தட்டு கரகரக்கிறது, மத்தியானம் நன்றாக இருக்கிறது. தட்டில் பிழையா?

தட்டில் இல்லை, குளிரில். கார்ட்ரிஜுக்குள் ஊசித்தண்டைத் தாங்கும் சிறு ரப்பர் இருக்கிறது. அது 20 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்கென்று செய்தது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் பனி உறையும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் ரப்பர் விறைத்துவிடும், ஊசி பள்ளத்தைச் சரியாகத் தொடராது, 'ஸ' ஓசைகள் எல்லாம் சிதறும். அறையைக் கொஞ்சம் சூடாக்கி, முதலில் வேண்டாத தட்டு ஒன்றை ஒரு பக்கம் ஓடவிடுங்கள். ஒரு பதிப்பைக் காலையிலும் மற்றதை மத்தியானத்திலும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது வானிலை அறிக்கை.

டொரொண்டோவில் இருக்கும் மாமா நல்ல பழைய பிளேயர் ஒன்று அனுப்பினார். டிரான்ஸ்ஃபோமர் போட்டும் பாட்டு அழுகிற மாதிரி வருகிறது. ஏன்?

டிரான்ஸ்ஃபோமர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பழைய பிளேயர்களில் பல, மோட்டார் வேகத்தை அந்த ஹெர்ட்ஸிலிருந்தே எடுக்கும். 33⅓ சுற்ற வேண்டியது இங்கே 28க்கும் குறைவாகத்தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். பெல்ட் மாடலாக இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் வேலை முடிந்தது. டீசி மோட்டார், குவார்ட்ஸ் மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இனி மாமாவிடம் கேட்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வேகம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. பிளேயர் சரியாக இருந்தும் ஆல்பமே மெதுவாக ஓடிய கதையும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெகர்ஸ் பேங்க்வெட்' 1968இல் வந்தபோதே வேகம் குறைந்த டேப்பிலிருந்து வந்துவிட்டது. 2002 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். பழைய தட்டோடு கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் சுருதி சேராமல் திண்டாடியதற்கு அதுதான் காரணம்.

'பிரதர்ஸ் இன் ஆம்ஸ்' தட்டில் பாட்டு சீக்கிரம் முடிகிறதே?

ஆமாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் அந்த 1985 ஆல்பம் சீடிக்கு முழு நீளத்தில் வந்தது. ஒற்றைத் தட்டில் இடம் போதாமல் சில பாட்டுகளைச் சுருக்கினார்கள். 'வை வொரி' மூன்று நிமிடத்துக்கு மேல் குறைந்தது. பிற்காலத்தில் இரண்டு தட்டாக வந்த பதிப்புகளில் முழு நீளம் உண்டு. அந்த ஆல்பம் பதிவானதே டிஜிட்டல் டேப்பில். "அசல் அனலொக் வெதுவெதுப்பு" என்று சொல்லி முதல் தட்டை விற்க வருபவரிடம் புன்னகைத்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

புதிய சீடி ஏன் காதைக் குடைகிறது? டிஆர் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

90களிலிருந்து எல்லாரும் தங்கள் சீடி மற்றதைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று போட்டி போட்டார்கள். மெல்லிய இடத்தைத் தூக்கி, உச்சத்தை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ட்ரம்ஸ் அடி அடியாக விழாது, தகரம் நெளிவது போல வரும். மெட்டாலிக்காவின் 2008 'டெத் மேக்னெட்டிக்' இதற்குப் பெயர்போனது. ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் சீடியைவிட நன்றாக இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள்.

டிஆர் எண் என்பது மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் அளவு. அது சீடியையும் சீடியையும் ஒப்பிட உதவும். தட்டுக்கு அது நம்பிக்கையில்லாத சாட்சி: அதே மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டைக்கூட பதிவுசெய்து அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். அது ஊசியும் பள்ளமும் அலைவடிவத்தைச் சற்றுக் குலைப்பதால் வருவது. இசை அதனால் விரிந்துவிடாது.

180 கிராம் தட்டு நல்லதா?

கனமானது. அவ்வளவுதான்.

ரீமிக்ஸ் செய்வது பாவம் என்கிறார்களே?

யார், எதற்குச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' 1971இலிருந்தே புகை மூட்டத்துக்குள் வாசித்த மாதிரி இருந்தது. 2011இல் ஸ்டீவன் வில்சன் மறுபடி கலந்தபோது யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தது; பாட்டின் குணம் மாறவில்லை. எதிர்ப்பக்கம் ஓஸி ஒஸ்போர்னின் 'பிலிசர்ட் ஒஃப் ஓஸ்': 2002 வெளியீட்டில் பழைய பேஸையும் ட்ரம்ஸையும் எடுத்துவிட்டு வேறு ஆட்களை வாசிக்க வைத்தார்கள். 2011இல் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த 2002 சீடி எங்கேயாவது மலிவாகக் கண்ணில் பட்டால், மலிவுக்குக் காரணம் அதுதான். இகி பாப் குழுவின் 'ரோ பவர்' நடுவில் நிற்கிறது. 1973இல் டேவிட் போவி கலந்தது மெலிந்து இருக்கும். 1997இல் இகியே கலந்தது வெடித்துச் சிதறும். எனக்கு மெலிந்ததுதான் பிடிக்கும்; கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

தட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். தூக்கிப் போடவா?

வேண்டாம். பூஞ்சணம் வினைலைத் தின்பதில்லை, அதன்மேல் இருக்கும் தூசியையும் விரல் எண்ணெயையும் உறைக் காகிதத்தையும்தான் தின்கிறது. பழைய காகித உள்ளுறையை எறிந்துவிடுங்கள், அதில்தான் விதை இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் அல்கஹோல், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கில் சுற்றிக் கழுவி, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். 78 தட்டில் அல்கஹோல் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் புது உறையில் போட்டு, சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். ஈரமான சுவர் தட்டுக்கு யமன். ஒரு நன்மையும் உண்டு: நம் ஈரக்காற்றில் நிலைமின் பொரிச்சல் குறைவு.

அண்ணே, சின்ன வயதில் டவுன் ரெக்கோடிங் பாரில் (கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை) பதிந்த கேசட்டில் கேட்டது போல எந்தப் பிரஸ்ஸிங்கும் இல்லையே, ஏன்?

அந்தக் கேசட் பல நேரம் டோல்பி (கேசட் இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிந்து, டோல்பி இல்லாத பெட்டியில் ஓடியது. அப்படி ஓடினால் உயர் ஓசைகள் எல்லாம் மிகையாகப் பளிச்சிடும். டெக்கின் வேகமும் கொஞ்சம் முன்பின் இருந்திருக்கும். நாற்பத்தைந்து நிமிடப் பக்கத்தில் அடங்காத கடைசிப் பாட்டு நடுவில் அறுந்திருக்கும். நீங்கள் தேடுவது உலகத்தில் யாரும் அழுத்தாத ஒரு பதிப்பு. கேசட் இன்னும் ஓடுகிறது என்றால், அதைப் பதிவுசெய்து ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். பிசின் பிடித்து ஒட்டுகிறது என்றால் பலவந்தமாகச் சுழற்றாதீர்கள், கொண்டுவாருங்கள் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.